இரண்டு ஆம்ப்ளிஃபயர் போட்டால் இரட்டிப்பு இனிமையா?

முலுண்டில் வசிக்கும் நண்பர் ஒருவர் தீபாவளி முடிந்த மறுவாரம் ஃபோன் செய்தார். "சார், நீங்க ரயில்வேல எலெக்ட்ரிகல் பக்கம்தானே இருந்தீங்க? ஹோம் தியேட்டர் ஸ்பீக்கரை பை-ஆம்ப் பண்ணினா சத்தம் பிரமாதமா இருக்கும்னு கடைக்காரர் சொல்றார். தனி ஆம்ப்ளிஃபயர், ஒயர் எல்லாம் சேர்த்து நாற்பதாயிரம். வாங்கலாமா?"

"எதுக்கு இப்போ?" என்று கேட்டேன்.

"அம்மாவுக்குப் படத்துல வசனமே புரியலை சார். பாட்டும் சண்டையும் காது கிழியுது, பேச்சு மட்டும் முணுமுணுப்பா இருக்கு."

எண்பத்திரண்டு வயது அம்மா. அவருக்குப் பொழுதுபோக்கே அந்த டி.வி.தான். "ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், அதுவரை பர்ஸைத் திறக்காதீர்கள்" என்று சொல்லி வைத்தேன்.

முதலில் பை-ஆம்ப் என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். கொஞ்சம் பெரிய ஸ்பீக்கர்களின் முதுகில் இரண்டு முனைகளுக்குப் பதில் நான்கு முனைகள் இருக்கும். கீழ் ஜோடி, கனத்த ஒலி தரும் ஊஃபருக்கு. மேல் ஜோடி, மெல்லிய ஒலி தரும் ட்வீட்டருக்கு. இரண்டு ஜோடிகளையும் ஒரு சின்ன உலோகத் தகடு இணைத்திருக்கும். அந்தத் தகட்டைக் கழற்றிவிட்டு, ஊஃபருக்கு ஓர் ஆம்ப்ளிஃபயர், ட்வீட்டருக்கு இன்னொன்று என்று கொடுப்பதுதான் பை-ஆம்ப். ஏழு சானல் உள்ள ரிசீவரை வாங்கி ஐந்து ஸ்பீக்கர் மட்டும் வைத்திருப்பவர்கள், சும்மா கிடக்கும் இரண்டு சானல்களை இதற்குத் திருப்பிவிட ரிசீவரிலேயே வசதி உண்டு. நண்பர் அதை ஏற்கெனவே செய்து பார்த்திருந்தார். "செலவில்லாம பண்ணினதே நல்லா இருக்கே, தனி ஆம்ப்ளிஃபயர் வாங்கினா இன்னும் எப்படி இருக்கும்!" என்பது அவர் கணக்கு.

இரண்டு என்ஜின் போட்டால் வண்டி நன்றாக ஏறும் என்பது நமக்குத் தெரிந்ததுதான். கர்ஜத்திலிருந்து லோணாவளாவுக்கு ஏறும் போர் காட்டில் 37 அடிக்கு ஓர் அடி ஏற்றம். அங்கே பின்னாலிருந்து தள்ள உதவி என்ஜின்கள் மாட்டுவதை புணே போகிறவர்கள் பார்த்திருப்பீர்கள். ஆனால் எத்தனை மின்சார என்ஜின் மாட்டினாலும் மேலே போகும் ஒயர் ஒன்றுதான், அதற்கு ஊட்டம் தரும் சப்-ஸ்டேஷனுக்கு ஓர் அளவு இருக்கிறது. ரிசீவரும் அப்படித்தான். உள்ளே ஏழு சானல் இருந்தாலும் சாதாரணமாக டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றே ஒன்று. சும்மா கிடந்த இரண்டு சானல்களை வேலைக்கு இழுத்தால் அவையும் அதே டிரான்ஸ்ஃபார்மரிலிருந்துதான் உறிஞ்ச வேண்டும்.

"சரி, தனி ஆம்ப்ளிஃபயர் வாங்கினால் அதற்குத் தனி டிரான்ஸ்ஃபார்மர் இருக்குமே?" என்பீர்கள். நியாயமான கேள்வி. இங்கேதான் விஷயம் இருக்கிறது, ஒரு சின்னக் கணக்குப் போடலாம்.

8 ஓம் ஸ்பீக்கர். படத்தில் ஒரு நொடியில் மிருதங்கம் போல ஒரு கனத்த ஒலி, உச்சம் 10 வோல்ட். அதே நொடியில் ஜால்ரா போல ஒரு மெல்லிய ஒலி, அதுவும் உச்சம் 10 வோல்ட். இரண்டும் சேர்ந்து வரும்போது ஆம்ப்ளிஃபயர் 20 வோல்ட் வரை எழும்ப வேண்டும். அதற்கு 25 வாட் ஆம்ப்ளிஃபயர் தேவை. இப்போது இரண்டு ஒலிகளையும் ஆம்ப்ளிஃபயருக்குள் நுழைவதற்கு முன்பே பிரித்துவிட்டால்? ஒவ்வொன்றும் 10 வோல்ட் எழும்பினால் போதும், அதற்கு ஆறேகால் வாட் போதும். ஆறேகால் வாட் ஆம்ப்ளிஃபயர்கள் இரண்டு, ஒரு 25 வாட் ஆம்ப்ளிஃபயரின் வேலையைச் செய்துவிடும். இது கண்கட்டு வித்தையல்ல, சுத்தமான ஆதாயம். கச்சேரி மேடைகளிலும் சினிமா தியேட்டர்களிலும் ஒலிப்பதிவுக் கூடத்து ஸ்பீக்கர்களிலும் இந்த முறைதான் கையாளப்படுகிறது. இப்படி முன்கூட்டியே பிரிக்கும் சுற்றுகளைப் பற்றி சீக்ஃபிரீட் லிங்க்விட்ஸ் 1976-ல் எழுதிய கட்டுரை இன்றும் பொறியாளர்களுக்குப் பாடம்.

நண்பர் வீட்டு ஏற்பாடு அது அல்ல. பிரிக்கும் வேலையைச் செய்யும் கிராஸோவர், அதாவது காயிலும் கப்பாசிட்டரும் சேர்ந்த பகுதி, ஸ்பீக்கர் பெட்டிக்குள் ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறது. ஆகவே இரண்டு ஆம்ப்ளிஃபயர்களுக்கும் முழு ஒலியும் போகிறது. ட்வீட்டரை ஓட்டும் ஆம்ப்ளிஃபயரும் 20 வோல்ட் எழும்பித்தான் ஆகவேண்டும். எந்த இடத்தில் ஓர் ஆம்ப்ளிஃபயர் திணறுமோ, அதே இடத்தில் இரண்டும் திணறும். கரண்ட் பங்கிடப்படுகிறது, அவ்வளவே. கஷ்டமான 4 ஓம் ஸ்பீக்கரும் சோனி ரிசீவரும் சேர்ந்தால் அதில் சிறு பயன் இருக்கலாம். அதற்கும் ஒரே ஒரு நல்ல ஆம்ப்ளிஃபயர் வாங்குவது மேல். வாட் இரட்டித்தாலும் கூடுவது 3 டெசிபல்தான். காதுக்கு இரண்டு மடங்காகத் தோன்ற ஏறக்குறைய 10 டெசிபல் வேண்டும், அதாவது பத்து மடங்கு வாட்.

"ஆனா எனக்கு வித்தியாசம் கேட்டுதே சார்!" என்றார் நண்பர். கேட்டிருக்கும், நான் மறுக்கவில்லை. ஒயர் மாட்டுவதற்காக ஸ்பீக்கர்களைச் சுவரிலிருந்து ஓர் அடி முன்னால் இழுத்திருந்தார், திரும்பத் தள்ளவில்லை. அதிலேயே கும்மென்ற இரைச்சல் குறைந்திருக்கும். பிறகு ரிசீவரின் ஆட்டோமேட்டிக் அளவெடுப்பை மறுபடி ஓட்டியிருக்கிறார், அது முன் ஸ்பீக்கர்களின் சத்தத்தை 2 டெசிபல் கூட்டி வைத்திருந்தது. சற்றே கூடுதலான சத்தம் எல்லோர் காதுக்கும் "நல்ல சத்தம்" என்றே படும்.

சத்தத்தைச் சமமாக்கிவிட்டு ஒரு சோதனை வைத்தோம். ஸ்பீக்கருக்குப் பின்னால் வேட்டியைத் திரையாகக் கட்டி, அவர் மகளை உட்கார வைத்தோம். அவள் இஷ்டப்படி ஒயரை மாற்றலாம், அல்லது மாற்றுவது போல் பாவனை செய்யலாம். அதே பாட்டின் அதே அரை நிமிடம், பத்து முறை. நண்பர் ஐந்து சரியாகச் சொன்னார், நான் நான்கு. காசைச் சுண்டிப் பார்த்திருந்தாலும் இதே விடைதான் வந்திருக்கும். ஒயர் மாற்ற ஒரு நிமிடம் ஆகிறது, அதற்குள் காது மறந்துவிடும், ஆகவே இதைக் கறாரான சோதனை என்று சொல்லமாட்டேன். ஆனால் நாற்பதாயிரம் ரூபாய் வித்தியாசம் ஒரு நிமிடத்தில் மறந்துபோகக்கூடாது அல்லவா?

இதைப் படித்துவிட்டு யாராவது செய்து பார்க்கப் போகிறீர்கள் என்றால் ஓர் எச்சரிக்கை. அந்த உலோகத் தகட்டைக் கழற்றாமல் இரண்டு ஆம்ப்ளிஃபயரை மாட்டினால் ஒன்றின் வாயும் இன்னொன்றின் வாயும் நேராக முட்டிக்கொள்ளும். ரிசீவர் புகைந்தாலும் ஆச்சரியமில்லை. பழையபடி ஒரே ஒயருக்குத் திரும்பும்போது தகட்டை மறக்காமல் மாட்டுங்கள், இல்லாவிட்டால் ஊஃபரோ ட்வீட்டரோ ஒன்றுதான் பாடும்.

பிறகு ரிசீவரின் செட்டிங்குகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரிடம் தனி மின் இணைப்புள்ள சப்-ஊஃபர் ஒன்று மூலையில் இருக்கிறது, அதற்குள்ளேயே ஆம்ப்ளிஃபயர் உண்டு. ஆனால் முன் ஸ்பீக்கர்களை "லார்ஜ்" என்று வைத்திருந்ததால், அவற்றுக்கு வரும் கனத்த ஒலி முழுவதையும் ரிசீவரே சுமந்துகொண்டிருந்தது. அதை "ஸ்மால்" என்று மாற்றி, பிரிக்கும் இடத்தை 80 ஹெர்ட்ஸில் வைத்தேன். இப்போது 80-க்குக் கீழே உள்ளது சப்-ஊஃபருக்கு, மேலே உள்ளது ரிசீவருக்கு. ஆம்ப்ளிஃபயருக்கு முன்பே பிரிகிறது. நான் மேலே கணக்குப் போட்டுக் காட்டிய அசல் பை-ஆம்ப் இதுவேதான், அவர் வாங்கிய நாளிலிருந்து வீட்டில் இருக்கிறது.

அம்மாவின் வசனப் பிரச்சினை இன்னும் தீரவில்லை. 5.1 ஒலியில் வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கரில்தான் வருகிறது. பை-ஆம்ப் செய்ததோ இடது, வலது ஸ்பீக்கர்களை! நடு ஸ்பீக்கர் டி.வி. அலமாரியின் கீழ்த்தட்டில், கொலு பொம்மைப் பெட்டிக்குப் பக்கத்தில், உள்ளடங்கிக் கிடந்தது. பேச்சு அம்மாவின் முழங்காலைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. தட்டின் விளிம்புவரை முன்னால் இழுத்து, அடியில் இரண்டு ரப்பர் துண்டு வைத்து முகத்தைக் காதுப் பக்கம் நிமிர்த்தினோம். அந்தச் சானலை மட்டும் 3 டெசிபல் கூட்டினேன். இரவு நேரத்துக்கென்று ரிசீவரில் ஒரு செட்டிங் இருக்கும், உரத்த சத்தத்தை அடக்கி மெல்லிய சத்தத்தைத் தூக்கும். அதையும் போட்டோம். டைல்ஸ் தரையில் ஒரு ஜமுக்காளம் விரித்தோம், எதிரொலி அடங்கியது. செலவு ரப்பர் துண்டுக்குக்கூட இல்லை, பழைய செருப்பை வெட்டியது.

மிச்சமான இரண்டு சானல்களுக்கு என்ன வழி என்று நண்பர் விடவில்லை. பின்னால் இரண்டு ஸ்பீக்கர் வையுங்கள், இல்லையென்றால் ரிசீவர் ஏற்குமானால் கூரைப் பக்கம் வையுங்கள், அதுவும் இல்லையென்றால் சும்மா விடுங்கள் என்றேன்.

போன வாரம் அவர் வீட்டுக்குப் போனபோது அம்மா டி.வி. முன்னால்தான் இருந்தார். "இப்போ எல்லாப் பேச்சும் கேக்குதாம்மா?" என்றேன்.

"நல்லாக் கேக்குதுப்பா. கேட்டப்புறம்தான் தெரியுது, முன்னாடி கேக்காம இருந்ததே தேவலாம்னு. என்ன வசனம் எழுதறாங்க!" என்றார்.