எதுல இருபது சதவீதம்?

இன்னைக்கு சதவீதம், இயற்கணிதம், நிகழ்தகவு மூணுலயும் ஒவ்வொரு கணக்கு போடப் போறோம். மூணுக்கும் கேட்க வேண்டிய கேள்வி ஒண்ணுதான். பேப்பரும் பேனாவும் எடுத்துக்கோங்க. நடுநடுவே நிறுத்திட்டு நீங்களே போட்டுப் பாருங்க.

முதல் கணக்கு எங்க வீட்டுல நடந்தது. நான் பத்தாவது படிக்கும்போது அப்பாவுக்கு மாசச் சம்பளம் 15,000 ரூபாய். வியாபாரம் சரியில்லைன்னு முதலாளி 20 சதவீதம் குறைச்சார். ஒரு வருஷம் கழிச்சு, "குறைச்ச 20 சதவீதத்தைக் கூட்டியாச்சு, கணக்கு சரியாப்போச்சு"ன்னு சொல்லிட்டார். அப்பா சந்தோஷமா வீட்டுக்கு வந்தார். எண்ணிப் பார்த்தா 14,400 தான் இருக்கு. "மீதி அறுநூறு எங்கேங்க?"ன்னு அம்மா கேட்டாங்க. அப்பாவுக்கு பதில் தெரியலை. எனக்கும் தெரியலை. இத்தனைக்கும் அந்த மாசப் பரீட்சையில சதவீதக் கணக்கு எல்லாம் எனக்கு சரி.

மறுநாள் கணக்கு டீச்சர்கிட்ட கேட்டேன். அவங்க திருப்பிக் கேட்டது ஒண்ணே ஒண்ணு: "எதுல இருபது?"

குறைக்கும்போது 15,000-ல் 20 சதவீதம், அதாவது 3,000. மீதி 12,000. கூட்டும்போது 12,000-ல் 20 சதவீதம். அது 2,400 தான். சதவீதம் மாறலை, அது எந்தத் தொகையில கணக்கிடப்படுதோ அந்தத் தொகை மாறிடுச்சு.

அப்போ பழைய சம்பளம் திரும்ப வரணும்னா எத்தனை சதவீதம் கூட்டணும்? இங்கதான் இயற்கணிதம் வருது. நிறைய பேர் எடுத்த எடுப்புல எக்ஸ் போட்டுடுவாங்க, எக்ஸ் எதைக் குறிக்குதுன்னு எழுத மாட்டாங்க. முதல் வரியா இதை எழுதுங்க: "எக்ஸ் என்பது 12,000-உடன் கூட்ட வேண்டிய சதவீதம்." இப்போ, 12,000-ஐ 100-ஆல் வகுத்து எக்ஸால் பெருக்கினா 3,000 வரணும். 120 எக்ஸ் = 3,000. எக்ஸ் = 25. ஆக, 20 சதவீதம் குறைச்சதை ஈடுகட்ட 25 சதவீதம் கூட்டணும்.

அடுத்தது நிகழ்தகவு. இரண்டு பகடைகளை உருட்டுகிறோம். கூடுதல் 7 கிடைக்க நிகழ்தகவு என்ன? கூடுதல் 2-லிருந்து 12 வரை வரலாம், மொத்தம் 11, அதனால விடை 1/11-னு எழுதுறவங்க உண்டு. அதே கேள்வியைக் கேளுங்க: எதுல ஒண்ணு? அந்தப் பதினொண்ணும் சம வாய்ப்புள்ளவை இல்லை. கூடுதல் 2 வர (1,1) ஒரு வழிதான். 7 வர (1,6), (2,5), (3,4), (4,3), (5,2), (6,1) என ஆறு வழி. (1,6)-ம் (6,1)-ம் ஒண்ணுதானேன்னு தோணுச்சுன்னா, ஒரு பகடை சிவப்பு, இன்னொண்ணு நீலம்னு நினைச்சுக்கோங்க. வேற வேறன்னு புரிஞ்சிடும். கூறுவெளியில மொத்தம் 36. விடை 6/36, அதாவது 1/6.

இதுல தப்பு பண்ணா வெட்கப்பட வேண்டாம். பிரெஞ்சுக் கணித மேதை தாலம்பேரே 1754-ல், தானும் சேர்ந்து பதிப்பிச்ச கலைக்களஞ்சியத்துல இப்படித்தான் எழுதினார். ஒரு நாணயத்தை இரண்டு தடவை சுண்டினா ஒரு தலையாவது விழ வாய்ப்பு 2/3-ன்னார். முதல்லயே தலை, பூவுக்கு அப்புறம் தலை, இரண்டும் பூ என மூணா எண்ணினார். ஆனா முதல் வகைக்குள்ள தலை-தலை, தலை-பூ என இரண்டு இருக்கு. மொத்தம் நாலு. சரியான விடை 3/4.

டீச்சர் போட்டுக் காட்டின கணக்கை அப்பாகிட்ட கொடுத்தேன். மடிச்சு சட்டைப்பையில வச்சுக்கிட்டு வேலைக்குப் போனார். முதலாளிகிட்ட காட்டினாரான்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. சம்பளம் அந்த வருஷம் 14,400-லயேதான் இருந்தது.

உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். ஜவுளிக்கடையில 50 சதவீதம் தள்ளுபடி, பில் போடும்போது அதுக்கு மேல இன்னும் 20 சதவீதம் தள்ளுபடி. மொத்தம் 70 சதவீதமா? எதுல 20-னு கேட்டுட்டுப் போடுங்க. விடையை அடுத்த பகுதியில பார்ப்போம்.