கார் ஷெட்டில் ஒரு மரப்பட்டறை: எதை முதலில், எதைக் கடைசியில்?

மர வேலையில் ஆசை வந்தவர்கள் பலரும் மெஷினில்தான் தொடங்குகிறார்கள். டிரில், வட்ட ரம்பம், ரூட்டர் என்று ஒவ்வொன்றாக வாங்கிவிடுகிறார்கள். பெட்டியைப் பிரித்த பிறகுதான் கேள்விகள் எழுகின்றன. மரத்தை எதன்மேல் வைத்து அறுப்பது? தூள் எங்கே போகும்? பிளக்கை எங்கே சொருகுவது? இவற்றுக்குப் பதில் இல்லாத இடத்தில் எவ்வளவு நல்ல மெஷினும் ஆபத்தானது. வீட்டுப் பட்டறைக்கு உகந்த வரிசை வேறு. முதலில் இடம், அடுத்து மின்சாரமும் வெளிச்சமும், பிறகு வேலை மேசை, கைக்கருவிகள், மரம். மெஷின்கள் கடைசி. தனி வீட்டில் 10 அடிக்கு 18 அடி அளவில் ஒரு கார் ஷெட் இருப்பதாக வைத்துக்கொண்டு, இந்த வரிசையிலேயே பார்ப்போம்.

இடம்

ஷெட்டில் முதலில் பார்க்க வேண்டியது ஈரம். இரண்டு அடிச் சதுர பிளாஸ்டிக் தாளைத் தரையில் விரித்து, நான்கு ஓரத்தையும் டேப்பால் ஒட்டி இரண்டு நாள் விட்டுவிடுங்கள். எடுக்கும்போது அடியில் நீர்த்துளி இருந்தால் தரை ஈரம் கக்குகிறது. அங்கே இரும்பு துருப்பிடிக்கும், மரம் வளையும். கூரை ஒழுகல் இருந்தால் அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை இறங்குவதற்குள் சரி செய்துவிடுங்கள்.

அடுத்தது கரையான். ஒரு பலகைகூடத் தரையிலோ சுவரிலோ நேராகச் சாய்ந்து நிற்கக் கூடாது. சுவரில் இரும்புத் தாங்கிகள் அடித்து மரத்தை மேலே அடுக்குங்கள். கரையான் மண்கோடு போட்டு ஏறினாலும் உடனே கண்ணில் படும்.

ஷெட்டின் நீளவாக்கில்தான் அறுப்பு வேலை நடக்க வேண்டும். எட்டு அடிப் பலகையை மெஷினுக்குள் தள்ளி எடுக்க முன்னால் எட்டு அடி, பின்னால் எட்டு அடி வேண்டும். 18 அடி நீளம் அதற்குத்தான் சரியாக இருக்கும். 8-க்கு 4 அடி பிளைவுட் ஷீட்டை 18 மி.மீ. கனத்தில் வாங்கினால் 30 கிலோவுக்கு மேல் கனக்கும். தனியாளாக இதைப் புரட்டாதீர்கள். பல பிளைவுட் கடைகளில் அளவு சொன்னால் அறுத்தே தருவார்கள்.

இரவில் வண்டியும் அதே ஷெட்டில்தான் நிற்கும் என்றால் ஒன்றை மறக்கக் கூடாது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையை ஒட்டித் தேங்கும். கார்பன் பிரஷ் உள்ள மெஷின் ஒவ்வொன்றும் ஓடும்போது உள்ளே பொறி விடும். வண்டியை வெளியே நிறுத்தி, கதவைத் திறந்து காற்றாட விட்ட பிறகே மெஷினைப் போடுங்கள். பெட்ரோல் கேனுக்கு ஷெட்டில் இடமே வேண்டாம்.

மின்சாரமும் வெளிச்சமும்

1,400 வாட் மெஷின் 230 வோல்ட்டில் சுமார் 6 ஆம்பியர் இழுக்கும். ஸ்டார்ட் ஆகும் கணத்தில் அதைவிடப் பல மடங்கு இழுக்கும். வராந்தா விளக்குக்குப் போன வயரிலிருந்து இழுத்த எக்ஸ்டென்ஷன் பெட்டி இதைத் தாங்காது. உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனை வைத்து, 2.5 சதுர மி.மீ. செம்பு வயரில் ஷெட்டுக்கென்று தனி லைன், அளவுக்கு மேல் மின்சாரம் பாய்ந்தால் துண்டிக்கும் தனி எம்.சி.பி., 16 ஆம்பியர் சாக்கெட்டுகள் போட்டுக்கொள்ளுங்கள். எர்த் சரியாக இருக்கிறதா என்று சோதிக்கச் சொல்லுங்கள். 30 மில்லி ஆம்பியரில் விழும் ஆர்.சி.சி.பி. கட்டாயம் வேண்டும். ஷாக் அடித்த மறுகணம் மின்சாரத்தைத் துண்டிப்பது அதுதான். சாக்கெட்டுகள் மேசை மட்டத்துக்கு மேலே இருந்தால் வயர் காலில் சிக்காது.

நடுக்கூரையில் ஒரே பல்பு இருந்தால், குனிந்ததும் உங்கள் நிழலே கோட்டின் மேல் விழும். நான்கு அடி எல்.இ.டி. டியூப்லைட் இரண்டை மேசைக்கு முன்னும் பின்னுமாக மாட்டினால் நிழல் விழாது. கோடு தெரிந்தால்தான் அறுப்பு நேராக வரும்.

வேலை மேசை

நம் ஊர்த் தச்சர்கள் தரையில் அமர்ந்து, கால்விரலால் மரத்தைப் பிடித்துக்கொண்டே இழைத்துவிடுவார்கள். அது சிறு வயதிலிருந்து உடம்பில் ஊறிய திறமை. புதிதாகத் தொடங்குபவருக்கு அந்தப் பிடியைத் தருவது மேசைதான். ஆகவே மேசைக்குச் செலவு செய்யத் தயங்க வேண்டாம்.

கைகளைத் தொங்கவிட்டு நிமிர்ந்து நில்லுங்கள். மணிக்கட்டு எந்த உயரத்தில் இருக்கிறதோ அதுவே மேசையின் உயரம். ஐந்தரை அடி ஆளுக்கு 32 முதல் 34 அங்குலம் வரும். நீளம் 5 அடி, அகலம் 2 அடி போதும். மேல்பலகைக்கு 18 மி.மீ. பிளைவுட் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாகப் பசை போட்டு ஒட்டினால் 36 மி.மீ. கனம் கிடைக்கும். கால்கள் 3 அங்குலத்துக்குக் குறையாமல் இருக்கட்டும். கீழே ஒரு தட்டு அடித்து அதில் கனமான சாமான்களை ஏற்றுங்கள். மேசை எவ்வளவு கனமோ அவ்வளவு அசையாமல் நிற்கும். இழைக்கும்போது மேசை ஆடினால் உங்கள் பலத்தில் பாதி அந்த ஆட்டத்திலேயே போய்விடும். வலக்கைக்காரராக இருந்தால் முன்பக்க இடது ஓரத்தில் மரத்தை இறுகப் பிடிக்கும் தச்சு வைஸ் ஒன்றைப் பொருத்துங்கள்.

கைக்கருவிகள்

தொடக்கத்துக்கு இவை போதும்: டேப், 6 அங்குல மூலைமட்டம், கூர்மையான பென்சில், நல்ல ரம்பம் ஒன்று, இழைப்புளி ஒன்று, கால், அரை, ஒரு அங்குல உளிகள் மூன்று, கொட்டாப்புளி, சுத்தியல், நான்கைந்து கிளாம்ப்.

மூலைமட்டத்தைக் கடையிலேயே சோதித்து வாங்குங்கள். நேரான ஓரமுள்ள பலகையில் வைத்து ஒரு கோடு இழுத்து, மட்டத்தை மறுபக்கம் புரட்டி அதே இடத்தில் இன்னொரு கோடு இழுங்கள். இரண்டும் ஒன்றாகப் படிந்தால் சரியான மட்டம். மேலே போகப்போகக் கோடுகள் விலகினால் வாங்க வேண்டாம். மூலைமட்டம் தவறினால் அதை நம்பிச் செய்யும் எல்லாமே கோணலாகும்.

ரம்பத்தில் பல்லைப் பாருங்கள். நார் ஓடும் வாக்கில் நெடுக அறுக்கும் பல் குட்டி உளி போல நேராகச் செதுக்கும். குறுக்கே அறுக்கும் பல் பக்கவாட்டில் கத்தி போலத் தீட்டப்பட்டு, நாரை வெட்டிக்கொண்டு போகும். ஒன்றை மற்றதன் வேலைக்குப் பயன்படுத்தினால் அறுப்பு மெதுவாகும், ஓரம் பிசிறும்.

இவை எல்லாவற்றையும்விட முதலில் கற்க வேண்டியது கூர் தீட்டுவது. புதிய உளி கடையிலிருந்து வரும்போது பெரும்பாலும் வேலைக்குத் தயாராக இருக்காது. தடித்த கண்ணாடித் துண்டின்மேல் நீரில் நனையும் உப்புத்தாளை ஒட்டி, 400, 1000, 2000 என்ற எண் வரிசையில் தேய்த்தால் போதும். முதலில் உளியின் பின்பக்கம் தட்டையாக வேண்டும். பிறகு சரிவை 25 பாகையில் தேய்த்து, நுனியை மட்டும் 30 பாகையில் முடியுங்கள். பின்பக்கம் மெல்லிய பிசிறு கையில் தட்டுப்பட்டால் கூர் வந்துவிட்டது என்று பொருள். அந்தப் பிசிறை நீக்கிவிட்டால் வேலை முடிந்தது. சாணை மெஷினில் பிடித்து எஃகு நீலமாக மாற விடாதீர்கள். அந்த இடத்தில் இரும்பின் பதம் போய்விடும், கூர் நிற்காது. மழுங்கிய உளியே கையைக் கிழிக்கும். பலம் கொடுத்துத் தள்ள வேண்டியிருப்பதால் அது வழுக்கும்போது நிறுத்த முடியாது.

மரம்

பழகுவதற்குத் தேக்கு வேண்டாம். ரப்பர் மரப் பலகை, பைன், பழைய மரக்கடையில் கிடைக்கும் கதவு, ஜன்னல் சட்டங்கள் ஆகியவை நல்ல தொடக்கம். பழைய மரத்தில் ஆணி புதைந்திருக்கும். அறுப்பதற்கு முன் காந்தத்தை வைத்துத் தடவிப் பார்த்துவிடுங்கள். வெளிநாட்டிலிருந்து சரக்கு வந்த பேக்கிங் மரத்தில் முத்திரை இருக்கும். எச்.டி. என்றால் சூட்டில் பதப்படுத்தியது, அதை எடுக்கலாம். எம்.பி. என்றால் மெத்தில் புரோமைடு என்ற நச்சுப் புகையில் பதப்படுத்தியது, அதைத் தொடவே வேண்டாம்.

மரவாடியில் கன அடிக் கணக்கில் விலை சொல்வார்கள். அகலத்தையும் கனத்தையும் அங்குலத்தில், நீளத்தை அடியில் எடுத்து மூன்றையும் பெருக்கி 144-ஆல் வகுத்தால் கன அடி வரும். 4-க்கு 3 அங்குலச் சட்டம் 7 அடி நீளம் என்றால் 84-ஐ 144-ஆல் வகுக்க, ஏறத்தாழ 0.58 கன அடி. வெளிப்புற வெளிறு குறைவாகவும் உள்ளே வைரம் அதிகமாகவும் உள்ள துண்டைப் பார்த்து எடுங்கள். வெளிறைத்தான் பூச்சி முதலில் தின்னும்.

மரம் வெட்டிய பிறகும் ஈரம் ஏறி இறங்கும்போதெல்லாம் விரிந்து சுருங்கும். ஆனால் எல்லாத் திசையிலும் ஒரே அளவில் அல்ல. நீளவாக்கில் மாற்றம் மிகச் சொற்பம். பச்சை நிலையிலிருந்து முழுதாகக் காயும்வரை தேக்கு, வளையங்களை ஒட்டிய திசையில் சுமார் 5.8 சதவீதமும், நடுவிலிருந்து வெளிநோக்கிய திசையில் சுமார் 2.5 சதவீதமும் சுருங்கும். இந்த வேறுபாட்டால்தான் பலகை வளைகிறது. வாங்கிய மரத்தை உடனே அறுக்காமல், இடையிடையே குச்சி வைத்து அடுக்கி, சில வாரம் ஷெட்டிலேயே காற்றாட விடுங்கள். மேசைப் பலகையைச் சட்டத்தோடு பசை போட்டு இறுக ஒட்டாமல், நீள்துளையில் ஸ்க்ரூ போட்டு அது அசைய இடம் விடுங்கள். தேக்கில் இவ்வளவு சுருக்கம் உண்டு என்றாலும் பல மரங்களில் இதைவிட அதிகம்.

பிளைவுட்டில் அடுக்குகள் மாறிமாறிக் குறுக்கே ஒட்டப்பட்டிருப்பதால் இந்தத் தொல்லை குறைவு. அறைக்குள் பயன்படுத்த ஐ.எஸ். 303 முத்திரை போதும். தண்ணீர் படும் இடத்துக்கு ஐ.எஸ். 710 வாங்குங்கள்.

மெஷின்கள்

கைவேலை பிடிபட்ட பிறகு, தேவைக்கு ஏற்ப ஒவ்வொன்றாக வாங்குங்கள். முதலில் பேட்டரி டிரில். அடுத்து வளைவு அறுக்க ஜிக் சா, நேராக அறுக்க வழிகாட்டிச் சட்டத்தோடு வட்ட ரம்பம். ஓரமும் பள்ளமும் செதுக்கும் ரூட்டர் பிறகு. டேபிள் சா எல்லாவற்றுக்கும் கடைசி. அதில் மரம் பின்னால் எகிறும் ஆபத்து உண்டு. அறுத்த பிளவு மூடிக்கொண்டு பிளேடின் பின்பல்லைப் பற்றினால், பலகை உங்களை நோக்கிப் பாய்ந்து வரும். பிளேடுக்குப் பின்னால் பிளவைத் திறந்து வைத்திருக்கும் தகட்டைக் கழற்றாதீர்கள். பிளேடுக்கு நேரே நிற்காமல் ஓரமாக நின்று, கையால் அல்ல, தள்ளுகட்டையால் தள்ளுங்கள்.

நம் ஊரில் பரவலாக இருக்கும் ஒரு பழக்கத்தை உறுதியாகத் தவிர்க்க வேண்டும். மார்பிள் கட்டரிலும் ஆங்கிள் கிரைண்டரிலும் மர பிளேடு மாட்டி அறுப்பதுதான் அது. அவை நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல் சுழல்பவை. மர பிளேடைத் தானாக மூடிக்கொள்ளும் உறை அவற்றில் கிடையாது. பல் ஒரு கணுவில் சிக்கினால் மெஷின் கையை விட்டு எகிறும். அனுபவமுள்ள தச்சர்கள்கூட இதில் விரல் இழந்திருக்கிறார்கள்.

சுழலும் மெஷினருகே கையுறை, வேட்டி, லுங்கி, துப்பட்டா, தொங்கும் சங்கிலி எதுவும் வேண்டாம். இவை சுற்றிக்கொண்டால் கையையும் இழுத்துவிடும். பிளேடு மாற்றும்முன் பிளக்கைப் பிடுங்குங்கள்.

தூள், சத்தம், நெருப்பு

விரல் வெட்டுப்பட்டால் உடனே தெரியும். தூள் செய்யும் கேடு பல ஆண்டுகள் கழித்தே தெரியும். உலக சுகாதார அமைப்பின் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-ல் மரத்தூளை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியான முதல் பிரிவில் சேர்த்தது. மூக்கிலும் மூக்கையொட்டிய எலும்புக் குழிகளிலும் அது புற்றுநோய் உண்டாக்கும். பிளைவுட், எம்.டி.எஃப். பசைகளில் உள்ள ஃபார்மால்டிஹைடும் அதே பிரிவில்தான் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத நுண்தூள் வேலை முடிந்த பிறகும் மணிக்கணக்கில் காற்றில் மிதக்கும். முகத்தில் துணி கட்டிக்கொள்வது அதைத் தடுக்காது. என்95 மாஸ்க் போடுங்கள். மெஷினின் தூள் வாயில் வாக்கம் கிளீனர் குழாயை மாட்டுங்கள். தரையை விளக்குமாற்றால் பெருக்காமல் வாக்கத்தாலோ ஈரத்துணியாலோ சுத்தம் செய்யுங்கள். வேலை உடுப்போடு குழந்தையைத் தூக்காதீர்கள்.

வட்ட ரம்பத்தின் சத்தம் 100 டெசிபல் அளவுக்குப் போகும். அமெரிக்காவின் நியாஷ் ஆய்வு நிறுவனம் 85 டெசிபலை நாளுக்கு 8 மணி நேரம் மட்டும் கேட்கலாம் என்கிறது. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். அந்தக் கணக்கில் 100 டெசிபலுக்குக் கால் மணி நேரம்தான். ஆகவே காதுக்கு மூடி, கண்ணுக்குக் கண்ணாடி இரண்டையும் எப்போதும் அணியுங்கள். பக்கத்து வீட்டுக்கும் காது உண்டு. இந்தியாவின் 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்று வரம்பு வைக்கின்றன. இரவு 10 முதல் காலை 6 வரை மெஷினைத் தொட வேண்டாம்.

ஆளிவிதை எண்ணெய் பூசிய துணியைச் சுருட்டிக் குப்பையில் போட்டால், எண்ணெய் காற்றோடு சேர்ந்து காயும் சூட்டிலேயே அது தானாகத் தீப்பிடிக்கலாம். வெளியே விரித்துக் காயப் போட்டோ தண்ணீரில் ஊறவைத்தோ அகற்றுங்கள். கதவருகே ஏ.பி.சி. பவுடர் தீயணைப்பான் ஒன்று தொங்கட்டும்.

முதல் வேலை

உங்கள் பட்டறையில் செய்யும் முதல் பொருள் அந்த வேலை மேசையாகவே இருக்கட்டும். அடுத்து கருவி மாட்டும் பலகை, பிறகு ஒரு முக்காலி. இவற்றில் கோணல் வந்தால் பெரிய நஷ்டமில்லை. ஆனால் அளப்பது, அறுப்பது, பொருத்துவது எல்லாம் இவற்றிலேயே கைக்குப் பழகிவிடும். தேக்கை அதற்குப் பிறகு தொடுங்கள்.

ஒரு வேண்டுகோள். மெஷினுக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பங்கை எடுத்து, உங்கள் ஊர்த் தச்சர் ஒருவருக்கு உரிய கூலி கொடுத்து, உளி தீட்டவும் இழைப்புளி பிடிக்கவும் நேரில் கற்றுக்கொள்ளுங்கள். இந்த அறிவு பெரும்பாலும் புத்தகத்தில் ஏறாமல் கையிலிருந்து கைக்கு வந்தது. அதைக் கேட்டுப் பெறுவது உங்கள் பட்டறைக்கும் நல்லது, அந்தத் தொழிலுக்கும் நல்லது.