எழுந்து நடக்கும் நாட்கள்



புற்றுநோய் தான் தோன்றிய உறுப்பிலேயே எப்போதும் அடங்கிக் கிடப்பதில்லை. மார்பிலோ சுவாசப்பையிலோ முளைத்த நோய் குருதி வழியே சென்று முள்ளந்தண்டு என்புகளிற் குடியேறுவதுண்டு. அவ்வென்புகளின் நடுவே முண்ணாண் செல்கின்றது. வளருங் கட்டி அதனை நெருக்கும்போது முதுகில் நோவும், பின்னர் கால்களில் தளர்வும், ஈற்றிலே மலசலத்தை அடக்கும் ஆற்றலின் இழப்பும் உண்டாகின்றன.

இந்நிலையிற் செய்யப்படும் சத்திரசிகிச்சை நோயை வேரோடு களைவதன்று. நெருக்குங் கட்டியை அகற்றி, தளர்ந்த என்பைத் திருகாணிகளாலும் உலோகத் தண்டுகளாலும் தாங்கச் செய்வதே அதன் பணி. “நோய் தீராதெனில் வெட்டுவானேன்?” என்று உறவினர் கேட்பது இயல்பே.

இவ்வினாவுக்கு அமெரிக்காவிலே பற்செல் என்னும் மருத்துவரும் அவர்தம் குழுவினரும் 101 நோயாளரிடையே ஆராய்ந்து, 2005ஆம் ஆண்டில் விடை வெளியிட்டனர். ஒரு பிரிவினர் சத்திரசிகிச்சையும் அதன்பின் கதிர்ச்சிகிச்சையும் பெற்றனர். மற்றவர் கதிர்ச்சிகிச்சை மாத்திரம் பெற்றனர். முதற்பிரிவினர் உயிர்வாழ்ந்த காலம், வகுப்பறைக் கணக்கில் இடையம் என்போமே, அவ்வளவையில் 126 நாட்கள், மற்றவர்க்கு 100. பெரிய வேறுபாடன்று. ஆனால் நடக்கும் ஆற்றல் நிலைத்த காலமோ முன்னவர்க்கு 122 நாட்கள். பின்னவர்க்கு வெறும் 13! நோவு தணிக்கும் மருந்தின் தேவையும் முன்னவர்க்குக் குறைந்தது.

இச்சிகிச்சை எல்லார்க்கும் உரியதன்று. சிலவகைக் கட்டிகள் கதிருக்கே கரைந்துவிடும். சில வாரங்களே வாழக்கூடியவர்க்கோ, புண் ஆறுவதற்குள் அவ்வாரங்களும் கட்டிலிலேயே கழிந்துவிடும்.

வாழ்க்கைத் தரத்தை அளக்க மருத்துவர் பரவலாகக் கையாளும் வினாக்கொத்து ஒன்றில் ஐந்து விடயங்கள் உள: நடமாட்டம், தன்னைத் தானே பேணல், வழக்கமான கருமங்கள், நோவு, மனக்கலக்கம். விடையளிக்க வேண்டியவர் நோயாளியே. பரீட்சார்த்தி மண்டபத்தில் இருக்க, வேறொருவர் விடை எழுதுவதை எந்த அதிபரும் ஒப்பார். நம் வீடுகளிலோ மூத்த மகனே வைத்தியரோடு பேசி முடித்துவிடுகின்றான். தகப்பனார் கட்டிலிற் காதுகொடுத்துக் கிடக்கின்றார்.

சிகிச்சைக்கு முன் நடக்க முடிந்தவர்க்கே பின்னரும் நடக்கும் வாய்ப்பு மிகுதி. ஆகையால், முன்னர் புற்றுநோய் கண்ட ஒருவர் படுத்தும் தணியாத முதுகுநோவையோ, படியேறுகையிற் கால் தளர்வதையோ சொன்னால், எண்ணெய் தேய்த்துப் பார்ப்போமென்று நாளைக் கடத்தாதீர்கள். அடுத்த கிளினிக் நாள் வருமட்டுங் காத்திராமல், அன்றே அவரை வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள்.