கம்பெனிக்குப் புறம்போக்கு நிலம் வேண்டுமா?

விவசாயிகள் சேர்ந்து நடத்தும் உற்பத்தியாளர் கம்பெனிக்குக் களமும் கிடங்கும் தேவை. புறம்போக்கு காலியாக உள்ளதே என்று கட்டிவிடக் கூடாது. 1905-ம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி கட்டிடம் அகற்றப்படலாம். அங்கத்தினர்களின் பங்குப் பணம் வீணாகும். 'பி மெமோ'வுக்குச் செலுத்துவது தண்டத் தீர்வையே. அந்த ரசீதினால் நிலத்தில் உரிமை வராது.

முதலில் 'அ' பதிவேட்டில் நிலத்தின் வகையைப் பார்க்க வேண்டும். இதை இணையதளத்திலும் பார்க்கலாம். ஏரி, குளம், வாய்க்கால் என்றிருந்தால் விட்டுவிடுங்கள். மற்ற நிலமாயின், இயக்குநர்கள் கூடித் தீர்மானம் நிறைவேற்றி, சர்வே எண், பரப்பு, வரைபடத்துடன் தாசில்தாரிடம் குத்தகைக்கு மனுச் செய்யலாம். மனு தனி நபர் பெயரில் வேண்டாம், கம்பெனியின் பெயரிலேயே இருக்கட்டும். ஆணையில் உபயோகம், காலம், குத்தகைத் தொகை, புதுப்பிக்கும் விதம் தெளிவாக உள்ளனவா என்று கவனியுங்கள். குத்தகைப் பத்திரத்தைப் பதிவு செய்த பின்னரே அஸ்திவாரம் தோண்டுங்கள்.