கழுத்துக் காயமும் உறங்காத இரவுகளும்

கை கால் செயலிழந்த ஒருவரைக் கண்டால், "பாவம், நடக்க முடியவில்லையே" என்றுதான் நாம் வருந்துகிறோம். சக்கர நாற்காலி கண்ணுக்குத் தெரிகிறது. அவர் விடும் மூச்சும் கழிக்கும் இரவும் தெரிவதில்லை. அவற்றைப் பற்றியே இங்கு எழுத விழைகிறேன்.

முதலில் மூச்சைப் பார்ப்போம். நாம் மூச்சிழுக்க முதன்மையாக உதவுவது நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் இடையிலுள்ள உதரவிதானம் என்னும் தசை. அதை இயக்கும் நரம்பு, கழுத்துத் தண்டுவடத்தின் 3, 4, 5ஆம் பகுதிகளிலிருந்து புறப்படுகிறது. அதற்கு மேலே தண்டுவடம் முழுமையாகச் சிதைந்தால் தானாக மூச்சுவிட இயலாது. 'சூப்பர்மேன்' நடிகர் கிறிஸ்டோபர் ரீவ் 1995இல் குதிரையிலிருந்து விழுந்து, கழுத்தின் உச்சியில் அடிபட்டார். செயற்கைச் சுவாசக் கருவியை நம்பி வாழ்ந்த அவருக்கு, உதரவிதானத்தை மின்துடிப்பால் இயக்கும் கருவி 2003இல் பொருத்தப்பட்டது. மறு ஆண்டு அவர் காலமானார்.

காயம் சற்றுக் கீழே இருந்தால் உதரவிதானம் இயங்கும். ஆனால், விலா எலும்புகளுக்கு இடையிலுள்ள தசைகளும் வயிற்றுத் தசைகளும் இயங்கா. வயிற்றுத் தசையின் பலமின்றி நன்றாக இரும முடியாது. சளி நுரையீரலில் தேங்கி, நிமோனியாவில் கொண்டுபோய் விடலாம்.

இனி தூக்கம். உறங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப்பாதை அடைபடும் நோய், மற்றவர்களைவிட இவர்களிடம் மிக அதிகம். ஒவ்வொரு முறை மூச்சு தடைபடும்போதும் மூளை திடுக்கிட்டு விழிக்கிறது. காலையில் அது நினைவிலும் இருக்காது. தலைவலியும் அசதியும் மட்டுமே எஞ்சும். மேலும், இரவில் மெலடோனின் சுரக்கச் சொல்லும் நரம்புவழி, மூளையிலிருந்து கழுத்துத் தண்டுவடம் வழியே இறங்கிப் பின் மேலேறுகிறது. கழுத்தில் அது அறுந்தால், இருட்டியும் மெலடோனின் உயர்வதில்லை. போதாததற்குப் படுக்கைப்புண் வராமலிருக்க இரவிலும் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். தசை இறுக்கத்திற்கு உட்கொள்ளும் மாத்திரைகளும் பகலில் கிறக்கத்தைத் தரும்.

என் பெரியம்மா மகன் மோட்டார் சைக்கிள் விபத்தில் கழுத்தில் அடிபட்டவர். பகலில் நாற்காலியிலேயே கண்ணயர்ந்துவிடுவார். "படுத்தே பழகிவிட்டான், சோம்பல்" என்று உறவினர் சிலர் முணுமுணுத்தனர். கடந்த ஆண்டுதான் ஒரு மருத்துவர், இரவு முழுவதும் அவரது மூச்சைப் பதிவுசெய்யும் சோதனைக்கு அனுப்பினார். மூச்சுத் தடை தெரியவந்தது. இப்போது முகமூடி வழியே காற்றைச் செலுத்தும் இயந்திரத்துடன் உறங்குகிறார். அந்த முகமூடியைத் தானாகக் கழற்ற அவருக்குக் கை இல்லாததால், பெரியம்மா பக்கத்திலேயே படுக்கிறார். பகல் தூக்கம் வெகுவாகக் குறைந்திருக்கிறது.

வாசகர்களே, உங்கள் உறவிலோ அண்டை வீட்டிலோ இத்தகையவர் இருக்கலாம். குறட்டை, காலைத் தலைவலி, பகல் தூக்கம் இருந்தால் மருத்துவரிடம் தூக்கச் சோதனை பற்றிக் கேளுங்கள். இருமும்போது வயிற்றை அழுத்தி உதவும் முறையைப் பிசியோதெரபி நிபுணரிடம் கற்றுக்கொள்ளுங்கள். மருத்துவரைக் கேளாமல் தூக்க மாத்திரை கொடுக்காதீர்கள். சில மாத்திரைகள் இருக்கும் மூச்சையும் மந்தமாக்கும்.

நலம் விசாரிக்கச் செல்கையில், "சாப்பிட்டாயா?" என்று கேட்கிறோம். அதோடு, "நேற்று இரவு நன்றாகத் தூங்கினாயா?" என்றும் கேட்போம். சோம்பல் என்று பெயர் சூட்டும் முன் கேட்க வேண்டிய கேள்வி அது.