கர்ப்பகால நீரிழிவு: வலியைத் தூண்டுவது எப்போது?

கர்ப்பகால நீரிழிவு என்று தெரிந்ததுமே, ‘ஊசி போட்டு வலி வரவழைப்பீர்களா, சிசேரியன்தானா?’ என்று கலங்கும் பெண்களை, மகப்பேறு மருத்துவராக நான் அடிக்கடி சந்திக்கிறேன். நோயின் பெயரை மட்டும் வைத்துப் பிரசவ நாள் முடிவாவதில்லை.

நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள் இன்சுலினின் செயல்பாட்டை மட்டுப்படுத்துகின்றன. தாயின் ரத்தத்தில் மிகும் சர்க்கரை குழந்தையைச் சென்றடைய, அதன் உடலில் இன்சுலின் கூடுதலாகச் சுரந்து எடை ஏறுகிறது. சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால், பிரசவத்தின்போது தோள் சிக்கிக்கொள்ளும் அபாயமும், கருப்பையிலேயே குழந்தை இறக்கும் அபாயமும் அதிகரிக்கின்றன. இவற்றைத் தவிர்க்கவே வலி தூண்டப்படுகிறது.

அவசரப்படுவதும் ஆபத்தே. இக்குழந்தைகளுக்கு நுரையீரல் முதிர்ச்சி தாமதமாகலாம். ஆகவே, 39 வாரங்களுக்கு முன்பு வழக்கமாகப் பிரசவிக்கச் செய்ய வேண்டாம் என்கிறது மத்திய சுகாதார அமைச்சகத்தின் வழிகாட்டுதல். சர்க்கரை நன்கு கட்டுக்குள் இருந்தும் அதுவரை தானாக வலி வராதவர்களுக்கு, அதன் பிறகு தூண்டலாம். பிரிட்டனின் ‘நைஸ்’ வழிகாட்டுதலோ, சிக்கல் இல்லாதவர்களுக்கு 40 வாரம் 6 நாள்கள்வரை அவகாசம் தருகிறது. வலியைத் தூண்டுவதன் நோக்கமும் சுகப்பிரசவமே.

முன்கூட்டியே தேதி குறித்தால், ‘சர்க்கரை அளவு என்ன, குழந்தையின் எடை என்ன, ஏன் இந்த வாரம்?’ என்று தயங்காமல் கேளுங்கள். விளக்க வேண்டியது எங்கள் கடமை.