காற்றே இல்லாத இடத்தில் ராக்கெட் பறக்குமா?

தம்பி தங்கைகளே, ஒரு பலூனை நன்றாக ஊதி, வாயைக் கட்டாமல் கையை விட்டுவிடுங்கள். 'புர்ர்' என்று அறை முழுக்கச் சுற்றிவரும். பலூனுக்குள் இருந்த காற்று, அறையில் இருக்கும் காற்றை உதைத்துத் தள்ளுவதால்தான் இப்படி ஓடுகிறதா? யோசித்துக்கொண்டே படியுங்கள்.

அமெரிக்காவில் கிளார்க் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் கோடார்டு என்ற இயற்பியல் பேராசிரியர் இருந்தார். ராக்கெட்டை நிலா வரைக்கும் அனுப்பலாம் என்று ஓர் அறிக்கையில் எழுதினார். 1920 ஜனவரியில் 'நியூயார்க் டைம்ஸ்' நாளிதழ் அவரைக் கேலி செய்து தலையங்கம் எழுதியது. விண்வெளியில் காற்று கிடையாது, அங்கே ராக்கெட் எதை உதைத்துக்கொண்டு முன்னால் போகும்? பள்ளிக்கூடத்துப் பாடம்கூட இந்தப் பேராசிரியருக்குத் தெரியவில்லையே என்றது.

உண்மையில் பாடத்தை மறந்தது அந்த நாளிதழ்தான். ஒவ்வொரு விசைக்கும் சமமான எதிர்விசை உண்டு என்று நியூட்டன் 1687-லேயே எழுதிவிட்டார். ராக்கெட் எரிந்த வாயுவைப் பின்பக்கம் தள்ளுகிறது. அந்த வாயு ராக்கெட்டை முன்பக்கம் தள்ளுகிறது. கொடுக்கல் வாங்கல் இந்த இரண்டுக்கும் இடையில் மட்டுமே. வெளியில் இருக்கும் காற்று உதவுவதில்லை, குறுக்கே நின்று வேகத்தைத்தான் குறைக்கிறது. உங்கள் பலூன் கதையும் இதேதான்.

எனக்கு ஆற்றாமை தருவது வேறொன்று. கோடார்டு இதைச் சும்மா சொல்லவில்லை. காற்றை உறிஞ்சி எடுத்த கலத்துக்குள் வெடிமருந்தை வெடிக்கவைத்து, அங்கேயும் உந்துவிசை கிடைக்கிறது என்று அளந்து பார்த்திருந்தார். அந்த அறிக்கையிலேயே அது இருந்தது!

அவர் வேலையை நிறுத்தவில்லை. 1926 மார்ச் 16 அன்று பெட்ரோலும் திரவ ஆக்சிஜனும் நிரப்பிய அவருடைய ராக்கெட் சுமார் 12 மீட்டர் உயரம் எழும்பியது. திரவ எரிபொருளில் பறந்த முதல் ராக்கெட் அதுதான். 1969 ஜூலை 16-இல் அப்போலோ 11 விண்கலம் நிலவுக்குக் கிளம்பியது. மறுநாளே அந்த நாளிதழ் தன் தவற்றுக்கு வருத்தம் தெரிவித்தது. கோடார்டு 1945-லேயே இறந்துவிட்டார்.

முடியாது என்று அடித்துச் சொன்னவர்கள் மட்டுமா சறுக்கினார்கள்? இன்னும் 10 ஆண்டுகளுக்குள் கணினி சதுரங்கத்தில் உலகச் சாம்பியன் ஆகிவிடும் என்று 1957-இல் சொன்னார் ஹெர்பர்ட் சைமன். பின்னாளில் நோபல் பரிசு வாங்கிய மேதை அவர். ஆனால் 'டீப் ப்ளூ' கணினி உலகச் சாம்பியன் காஸ்பரோவைத் தோற்கடித்தது 1997-இல்தான். நொடிக்கு 20 கோடி நிலைகளை அலசும் வேகம் அதற்குத் தேவைப்பட்டது.

நாளைக்கு இது வரும், அது வரவே வராது என்று யாராவது உறுதியாகச் சொன்னால், "எந்தச் சோதனையில் பார்த்தீர்கள்?" என்று மரியாதையாகக் கேளுங்கள். இந்தக் கட்டுரையை எழுதிய என்னிடமும் கேளுங்கள்.